அரை இஞ்ச் எலாஸ்டிக்கில் பிரபஞ்சத்தை அளக்கும் வழி

வாணியம்பாடியில் எனக்குத் தையல் சாமான் கடை. நூல்கண்டு, பாபின், ஊசி, லைனிங் துணி, பிரஸ் பட்டன், பாவாடை நாடா, எலாஸ்டிக். இதுதான் வியாபாரம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காவலூர் வான் ஆய்வகம் வந்துவிடும். 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் குவிமாடத்தைப் பார்த்த நாளில் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

சில வருடங்களுக்கு முன் ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணொருத்தி கடைக்கு வந்து, “அண்ணா, பலூன் இருக்கா?” என்றாள். அறிவியல் கண்காட்சியில் பிரபஞ்சம் விரிவதைக் காட்ட வேண்டுமாம். பலூனில் பேனாவால் புள்ளி வைத்து ஊதுவது, எல்லாரும் செய்வதுதான். எனக்குப் பலூன் மேல் பழைய கோபம் உண்டு. பலூனுக்கு நடு இருக்கிறது, உள்ளே காற்று இருக்கிறது, வெளியே அறை இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு மூன்றும் கிடையாது. அதைவிடப் பெரிய குறை, பலூனை அளக்க முடியாது. டேப்பை வைத்தால் வழுக்கும். வேடிக்கை பார்க்கலாம், கணக்குப் பார்க்க முடியாது. அவளுக்கு ஒரு மீட்டர் எலாஸ்டிக்கை வெட்டிக் கொடுத்து, “இதில் காட்டும்மா” என்றேன்.

அதற்குப் பிறகு கடை மேஜையிலும் மொட்டை மாடியிலும் எத்தனையோ பேருக்குச் செய்து காட்டியாயிற்று. செய்யும் முறையை, நான் செய்த தப்புகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

அரை இஞ்ச் அகல எலாஸ்டிக் ஒரு மீட்டர். சட்டைப் பட்டன் ஐந்து. இஞ்ச் டேப், அதன் சென்டிமீட்டர் பக்கம்தான் நமக்கு வேண்டும். ஒரு பேப்பர் கிளிப், கிராஃப் தாள், பாகைமானி, மாஸ்கிங் டேப். வீட்டிலிருந்து ஒரு பூசணிக்காய், ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு பித்தளைக் குடம். குடம் எதற்கு என்று கடைசியில் தெரியும்.

எலாஸ்டிக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சடைப் பின்னலாக வரும் மலிவு ரகம், இழுத்தால் அகலம் சுருங்கிக் கயிறு மாதிரி ஆகிவிடும். நெய்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதுச் சரக்காகவும் இருக்கட்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் செய்து காட்டப் போனபோது அவசரத்தில் ரோலின் அடியில் கிடந்த பழைய துண்டை எடுத்துப் போய்விட்டேன். ரப்பர் இழை நடுவில் செத்திருந்தது. இழுத்ததும் நடுப்பகுதி மட்டும் நீண்டது, இரண்டு ஓரமும் அப்படியே நின்றன. பிள்ளைகள் வரைந்த கோடு பாம்பாக நெளிந்தது. எலாஸ்டிக் விற்கிறவனுக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்?

வாங்கும்போதே சோதித்துவிடலாம். மார்க்கிங் சாக்கால் சமதூரத்தில் நாலு கோடு போட்டு இழுங்கள். இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவில் பெருகினால் அது நல்ல சரக்கு. பிரபஞ்சத்தைப் பற்றி நாம் நம்புவதும் அதையேதான்: பெரிய அளவில் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராக விரிகிறது.

பட்டனைத் தைத்து இழுப்பது

எலாஸ்டிக்கின் இடது முனையை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதன் பக்கத்தில் முதல் பட்டன். பிறகு 10 செ.மீ.க்கு ஒன்றாக மற்ற நாலும். பட்டனை அகலத்தின் நட்டநடுவில் இரண்டே தையலில் பிடியுங்கள். அழுத்தித் தைத்தால் அந்த இடத்தில் எலாஸ்டிக் நீளாது. டேப்பை அடியில் விரியுங்கள். பட்டன்கள் 0, 10, 20, 30, 40 செ.மீ.யில் இருக்கும்.

இப்போது வலது முனையைப் பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணி ஐந்து விநாடியில் கடைசிப் பட்டன் 60 செ.மீ.க்கு வரும்படி இழுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் குறித்துக்கொள்ள வேண்டும். 10-ல் இருந்தது 15-க்குப் போயிருக்கும். 20-ல் இருந்தது 30-க்கு. 30-ல் இருந்தது 45-க்கு. அதாவது முதல் பட்டனிலிருந்து பார்த்தால் பக்கத்துப் பட்டன் விநாடிக்கு 1 செ.மீ., அடுத்தது 2, அதற்கடுத்தது 3, கடைசி 4. இரு மடங்கு தூரத்தில் இருப்பது இரு மடங்கு வேகத்தில் விலகுகிறது. யாரும் அந்தப் பட்டனைத் தனியாக வேகமாகத் தள்ளவில்லை. இடையில் இருக்கும் எலாஸ்டிக் அதிகம், அவ்வளவுதான்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடுப் பட்டனில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு அதே குறிப்பைத் திரும்ப எழுதுங்கள். இடப்பக்கம் 10 செ.மீ.யில் இருந்தது இப்போது 15-ல், 20-ல் இருந்தது 30-ல். வலப்பக்கமும் அப்படியே. எந்தப் பட்டனில் உட்கார்ந்தாலும் மற்றவை எல்லாம் தன்னை விட்டு ஓடுவதாகத்தான் தெரியும். எல்லா விண்மீன் மண்டலங்களும் நம்மை விட்டு விலகினால் நாம்தானே நடு என்று கேட்கிறவர்களுக்கு வாயால் பதில் சொல்வதில்லை. பென்சிலைக் கையில் கொடுத்து நாலாவது பட்டனிலிருந்து எழுதச் சொல்லிவிடுவேன்.

எலாஸ்டிக்கிலும் குறை இருக்கிறது, மறைப்பானேன்? அதற்கு இரண்டு முனை உண்டு, இழுக்க ஒரு கை வேண்டும். பிரபஞ்சத்துக்கு முனையைப் பிடித்து இழுக்கும் கை கிடையாது. அதனால் நான் இரண்டு ஓரத்தையும் லைனிங் துணியால் மூடிவிட்டு நடுவில் தெரியும் பாகத்தை மட்டும் காட்டுகிறேன். துணிக்கு அடியில் எலாஸ்டிக் எவ்வளவு தூரம் போகிறது, முனை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வானத்தில் நம் நிலைமையும் அதுவே.

மை எங்கே, பட்டன் எங்கே

ஆரம்பத்தில் நான் பட்டன் தைக்கவில்லை. சோம்பலில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். இழுத்ததும் வட்டமும் நீண்டு முட்டையாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பையன், “அப்போ நாமளும் பெருத்துக்கிட்டே போறோமா மாமா?” என்றான். சரியான கேள்வி. நாம் பெருப்பதில்லை. பூமியோ சூரியக் குடும்பமோ நம் பால்வீதியோ பெருப்பதில்லை. ஈர்ப்பு விசை அவற்றைத் தைத்து வைத்திருக்கிறது. ஒன்றையொன்று கட்டிவைத்திருக்கும் மண்டலக் கொத்துகளுக்கு இடையே உள்ள வெட்டவெளிதான் விரிகிறது. அன்றைக்கே பட்டனுக்கு மாறினேன். இழுத்தால் பட்டன் நகரும், பெருக்காது.

மையை அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். அது வேறு வேலைக்கு. இரண்டு பட்டனுக்கு நடுவே பால்பாயின்ட் பேனாவால் நெளிநெளியாக ஓர் அலை வரையுங்கள், நெளிவுக்கு நெளிவு 1 செ.மீ. இழுங்கள். நெளிவுகளின் இடைவெளி 1.5 செ.மீ. ஆகிவிடும். தூரத்து மண்டலத்திலிருந்து வரும் ஒளிக்கு நடப்பது இதுதான். வழியில் வெளி எத்தனை மடங்கு நீண்டதோ, அலைநீளமும் அத்தனை மடங்கு நீளும். நீண்டால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். செந்நகர்வு என்று பாடப்புத்தகத்தில் படித்தது நினைவிருக்கும்.

இதை வானியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். கால்சியத்தின் கே கோடு 393.4 நானோமீட்டரில் இருக்க வேண்டும், பரிசோதனைக் கூடத்தில் அங்கேதான் இருக்கிறது. கோமா கொத்து என்ற மண்டலக் கூட்டத்தில் அதே கோடு 402.5-ஐ ஒட்டி வருகிறது. வித்தியாசம் 9.1. அதை 393.4-ஆல் வகுத்தால் 0.0231. ஒளியின் வேகமான விநாடிக்கு 3,00,000 கி.மீ.யால் பெருக்கினால் ஏறக்குறைய 6,900. கோமா கொத்து விநாடிக்கு 6,900 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. இந்தக் கணக்கு தோராயம்தான், மிகத் தூரத்து மண்டலங்களுக்குப் பொருந்தாது. பக்கத்தில் இருப்பவற்றுக்குப் போதும்.

கிராஃப் தாளில் நிஜ வானம்

வேகம் சுலபம். கஷ்டமெல்லாம் தூரத்தில். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, அளந்து வைத்திருக்கும் நாலு கொத்துகளை எடுத்துக்கொள்வோம். கன்னிக் கொத்து: தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு), விலகும் வேகம் விநாடிக்கு 1,100 கி.மீ. ஃபோர்னாக்ஸ் கொத்து: 6.3 கோடி, 1,400. பெர்சியஸ் கொத்து: 24 கோடி, 5,300. கோமா: 33 கோடி, 6,900. எல்லாமே கொத்தின் சராசரி. ஒரு கொத்துக்குள் ஒவ்வொரு மண்டலமும் தேனீ மாதிரி தன் இஷ்டத்துக்குச் சுற்றும், அதனால் தனி மண்டலத்தை எடுத்தால் கணக்குக் குழம்பும்.

கிராஃபில் கிடையாகத் தூரம், செங்குத்தாக வேகம். நாலு புள்ளி வையுங்கள். சுழியத்திலிருந்து புள்ளிகளுக்கு நடுவே போகும்படி ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுங்கள். புள்ளிகள் கோட்டில் அச்சாக உட்காராது, ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும், பரவாயில்லை. கோட்டின் சாய்வைப் பாருங்கள். ஒரு கோடி ஒளியாண்டுக்கு விநாடிக்கு 215 கி.மீ.யை ஒட்டி வரும். வானியலாளர்கள் ஹபிள் மாறிலி என்று சொல்வது இதைத்தான். அவர்கள் வேறு அலகில் 70 என்பார்கள். கோடியில் எண்ணிப் பழகிய நமக்கு இந்த 215 வசதி.

ஏன் வசதி என்றால், ஒளியின் வேகமான 3,00,000-ஐ 215-ஆல் வகுத்துப் பாருங்கள். 1395 வருகிறது. ஒரே எண்தான், இரண்டு வேலை செய்யும். ஒன்று, இன்றைய வேகத்திலேயே எப்போதும் விலகி வந்திருந்தால், எல்லாம் ஒட்டி இருந்த காலம் 1395 கோடி ஆண்டுகளுக்கு முன். சரியாகக் கணக்கிட்ட வயது 1380 கோடி. வீட்டு மேஜையில் இவ்வளவு பக்கத்தில் வந்தது நம் சாமர்த்தியம் மட்டுமல்ல. பிரபஞ்சம் முதலில் விரிவின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து கூட்ட ஆரம்பித்திருக்கிறது. குறைந்ததும் கூடியதும் ஏறக்குறைய நேராகிவிட்டன. கூடுகிறது என்பதை 1998-ல் தூரத்து வெடிமீன்களின், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களின், ஒளியை அளந்து இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. 2011-ல் அதற்கு நோபல் பரிசு. கூட்டுவது எது என்பதற்கு இருண்ட ஆற்றல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்ததோடு சரி.

இரண்டாவது வேலை: 1395 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் மண்டலம் இப்போது ஒளியின் வேகத்தில் விலகுகிறது. அதற்கு அப்பால் இருப்பது அதைவிட வேகமாக. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று படித்தோமே என்று இங்கே சண்டைக்கு வருவார்கள். பட்டன் எலாஸ்டிக் மேல் ஓடவில்லை ஐயா, எலாஸ்டிக்தான் நீள்கிறது. அந்த வேகத் தடை எலாஸ்டிக் மேல் ஓடுகிறவனுக்கு.

ஒரு விதிவிலக்கைக் கண்ணால் பார்க்கலாம். அக்டோபர், நவம்பரில் முன்னிரவில், நிலவு இல்லாத நாளாகப் பார்த்து மாடிக்குப் போங்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து பெரிய சதுரமாக, கட்டில்கால் மாதிரி உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். வடகிழக்கு மூலைக் காலிலிருந்து வடகிழக்காக இரண்டு விண்மீன் தள்ளி, அங்கிருந்து வடமேற்காகக் கொஞ்சம் ஏறினால் பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும். ஆண்ட்ரோமீடா மண்டலம், 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அரிசோனாவின் லோவெல் வான் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-ல் இதன் நிறமாலையை எடுத்தபோது கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன, விநாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம் பக்கமாக வருகிறது. நம் பால்வீதியும் அதுவும் ஈர்ப்பால் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஜோடி. இதை கிராஃபில் வைத்தால் கோட்டுக்குக் கீழே போய் விழும். அதனால்தான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஸ்லைஃபர் பிறகு பார்த்தவற்றில் பெரும்பாலானவை விலகித்தான் போயின.

நீண்டுபோன இஞ்ச் டேப்

தையல்காரர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது, டேப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று. இழுத்து இழுத்து டேப் நீண்டுவிடும். நீண்ட டேப்பில் அளந்தால் 40 இஞ்ச் துணி 39 என்று காட்டும். டேப் மேல் சந்தேகமே வராது, வாடிக்கையாளரின் உடம்பு மேல்தான் வரும்.

அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிளுக்கும் இதே கதை. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியை வைத்து 1923-ல் ஆண்ட்ரோமீடாவுக்குள் செஃபீட் வகை விண்மீன் ஒன்றைப் பிடித்தார். செஃபீட் சீரான இடைவெளியில் கூடிக் குறைந்து மின்னும். மெதுவாகத் துடிப்பது உண்மையில் அதிகப் பிரகாசம் என்ற விதியை 1912-ல் ஹென்ரியட்டா லெவிட் கண்டுபிடித்திருந்தார், சிறிய மெகல்லன் மேகம் என்ற குட்டி மண்டலத்தில் இருந்த 25 விண்மீன்களை வைத்து. துடிப்பை அளந்தால் நிஜப் பிரகாசம் தெரியும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலோ அதிலிருந்து தூரம் தெரியும். இதுதான் அந்தக் காலத்து இஞ்ச் டேப். பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் 1927-லேயே விரியும் பிரபஞ்சத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். 1929-ல் ஹபிள் 24 மண்டலங்களின் தூரத்தையும் வேகத்தையும் வைத்து, நாம் மேலே இழுத்த அதே கோட்டை இழுத்தார்.

கோடு சரி, சாய்வு தப்பு. நம் அலகில் அவருக்குக் கிடைத்தது சுமார் 1,530. 3,00,000-ஐ அதால் வகுத்தால் 196 கோடி ஆண்டு. நம் பூமிக்கே வயது 454 கோடி! பிள்ளையைவிடத் தாய்க்கு வயது குறைவு. டேப் நீண்டிருந்தது. தூரங்கள் எல்லாம் ஏழில் ஒரு பங்காகக் காட்டின. இரண்டாம் உலகப் போரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கை மங்கலாக்கி இருந்தபோது, அந்த இருட்டைப் பயன்படுத்தி வால்டர் பாடே அதே தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவை நுணுக்கமாகப் பார்த்தார். செஃபீட்களில் இரண்டு ஜாதி இருப்பது தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணி அளந்திருந்தார்கள். 1952-ல் அவர் இதை அறிவித்ததும் தூரங்கள் ஒரேயடியாக இரட்டிப்பாயின. 1958-ல் ஆலன் சாண்டேஜ் இன்னொரு தப்பைத் திருத்தினார். விண்மீன் என்று நினைத்து அளந்த சில, உண்மையில் ஒளிரும் வாயு மேகங்கள். அதற்குப் பிறகு சாய்வு இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பக்கத்தில்தான். செஃபீட்களையும் வெடிமீன்களையும் டேப்பாக வைத்து அளப்பவர்களுக்குக் கோடி ஒளியாண்டுக்கு 224 வருகிறது. வானமெங்கும் இருக்கும் மிகப் பழைய நுண்ணலை ஒளியிலிருந்து (அது என்ன என்று கீழே வரும்) கணக்கிடும் பிளாங்க் செயற்கைக்கோள் குழுவுக்கு 207. இரு தரப்புமே தங்கள் பிழை இரண்டு சதவீதத்துக்குள் என்கிறார்கள், ஆனால் வித்தியாசம் எட்டு சதவீதம். யாருடைய டேப் நீண்டிருக்கிறது, அல்லது துணியே வேறு மாதிரியா என்று இன்னும் தகராறு நடக்கிறது. உங்கள் கிராஃபில் 215 வந்தால் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கிளிப்பை நடக்கவிட்டு அகலத்தை அறிவது

1380 கோடி வயதுதான் என்றால், நாம் பார்க்கக்கூடிய தூரமும் 1380 கோடி ஒளியாண்டுதானே இருக்க வேண்டும்? இல்லை, 4650 கோடி. குறுக்களவு 9300 கோடி. இது முதலில் எனக்கும் ஜீரணமாகவில்லை. கிளிப் வைத்துச் செய்த பிறகுதான் சமாதானமானேன்.

20 செ.மீ. இடைவெளியில் இரண்டு பட்டன். இடது பட்டன் ஒளி கிளம்பும் இடம், வலது பட்டன் நாம். கிளிப்தான் ஒளி. ஒவ்வொரு முறையும் கிளிப்பை 5 செ.மீ. வலப்பக்கம் நகர்த்துங்கள், பிறகு பட்டன்களுக்கு நடுவே உள்ள மொத்த நீளத்தை 5 செ.மீ. கூட்டுங்கள். கிளிப் எலாஸ்டிக்கைக் கவ்வி இருப்பதால் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நகரும். முதல் நடையில் 5, இழுத்ததும் 6.25 ஆகிவிடும். அடுத்த நடை முடிந்து இழுத்ததும் 13.5. இப்படியே போனால் ஆறாவது நடையில், நீளம் 45 ஆகி இருக்கும்போது, கிளிப் வலது பட்டனைத் தொட்டுவிடும். மயிரிழை பாக்கி இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் எலாஸ்டிக் அவ்வளவு நீளாது என்றால் காகிதத்திலேயே கணக்காகப் போடலாம்.

இப்போது பாருங்கள். கிளம்பும்போது இடைவெளி 20. கிளிப் சொந்தக் காலில் நடந்தது 30. சேர்ந்தபோது இடைவெளி 45. மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு. நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதாக இருக்கும்போது கிளம்பியது. அப்போது அந்த இடம் 4.2 கோடி ஒளியாண்டு தள்ளித்தான் இருந்தது. ஒளி நடந்தது 1380 கோடி. அந்த இடம் இப்போது இருப்பது 4500 கோடிக்கும் அப்பால். வழியில் வெளி 1,100 மடங்கு நீண்டுவிட்டது. மை அலை நீண்டது மாதிரி அந்த ஒளியும் நீண்டு நுண்ணலையாகி, இன்று 2.7 கெல்வின் குளிராக வானமெங்கும் இருக்கிறது. 1965-ல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் ஆன்டெனாவில் போகாத இரைச்சலாக இதைக் கண்டார்கள். புறா எச்சம் காரணமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள்.

4650 கோடிக்கு அப்பால் என்ன? லைனிங் துணிக்கு அடியில் என்ன என்று கேட்பதும் இதுவும் ஒன்று. அங்கும் எலாஸ்டிக்தான் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

குடத்தின் கழுத்து

வடிவம் என்றதும் வெளியே நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம், உருண்டையா தட்டையா என்று. வெளியே நிற்க இடமில்லை. உள்ளிருந்தே கண்டுபிடிக்க ஒரே வழி, முக்கோணம் போட்டுக் கோணங்களைக் கூட்டுவது.

மாஸ்கிங் டேப்பைக் கத்தரிக்கோலால் அரை செ.மீ.க்கும் குறைவான பட்டைகளாக நறுக்குங்கள். வளைந்த பரப்பில் மெல்லிய பட்டையைச் சுருக்கம் விழாமல் ஒட்டினால் அது தானாகவே அந்தப் பரப்பின் நேர்கோட்டில் போகும். தைக்கிறவர்களுக்கு இது தெரியும், வளைவில் நேர்ப்பட்டையைத் திருப்பினால் கொசுவம் விழும். பூசணிக்காயின் காம்பிலிருந்து இடுப்பு வரை ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றிக் கால்வாசி, அங்கிருந்து மறுபடி காம்புக்கு. மூன்று மூலையிலும் பாகைமானியை வைத்தால் 90, 90, 90. கூட்டினால் 270. பள்ளியில் சொன்ன 180 எங்கே போயிற்று? அது தட்டைத் தாளுக்கு மட்டும்.

குடத்தின் கழுத்துக்கு வாருங்கள். வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே உள்வாங்கி வளைகிறதே, அங்கே. கிடையாக ஒரு பக்கம் வளைவு, நெடுக்காக எதிர்ப்பக்கம் வளைவு. 5 செ.மீ. பட்டையில் ஒரு முக்கோணம் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் குடத்தில் கூட்டுத்தொகை 155-தான் வந்தது. பக்கங்கள் உள்ளே குழிந்து, மூலைகள் கூர்மையாகி விடும்.

எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உருண்டு திரண்டிருக்கிறது, ஆனால் அச்சாக 180. ஏன் என்றால் தாளைச் சுருட்டினால் டப்பா ஆகிவிடும், சுருக்கம் விழாது. பூசணிக்குத் தாள் சுற்ற முடியாது. டப்பாவில் நேராக நடந்தால் கிளம்பிய இடத்துக்கே வரலாம், இருந்தாலும் கோணக் கணக்கில் அது தட்டை. பிரபஞ்சம் தட்டை என்று நிரூபித்துவிட்டார்கள், அதனால் முடிவில்லாதது என்று யாராவது சொன்னால் இந்த டப்பாவை நீட்டுங்கள்.

நிஜ முக்கோணம் எங்கே கிடைக்கும்? பிரபஞ்சத்தின் 3,80,000 வயதில் கிளம்பிய அந்த ஒளியில். அது வானமெங்கும் ஒரே சூடு இல்லை, லட்சத்தில் ஒரு பங்கு அளவில் திட்டுத்திட்டாக ஏறி இறங்கும். அந்த வயதுக்குள் ஒலி அலை எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று கணக்கிடலாம், திட்டின் நிஜ அகலம் அதை வைத்துத் தெரியும். அதுவே முக்கோணத்தின் அடி. உச்சியில் நாம். வெளி தட்டையாக இருந்தால் திட்டு சுமார் 1 பாகை அகலம் தெரிய வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் வானத்தில் அது மறைக்கும் அளவு, முழுநிலவைப் போல் இரண்டு பங்கு. பூசணி மாதிரி இருந்தால் திட்டு பெரிதாகத் தெரியும், குடத்தின் கழுத்து மாதிரி இருந்தால் சிறிதாக. பூமராங் என்ற கருவியை 1998 கடைசியில் பலூனில் கட்டி அண்டார்டிகா மேல் பத்து நாள் பறக்கவிட்டார்கள். ஆக, பலூனுக்கும் இதில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. 2000-ல் முடிவு வந்தது: 1 பாகை. பிறகு டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தன. வளைவு இருந்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இல்லை.

இதோடு பூசணியில் இன்னொரு முக்கோணம் ஒட்டுங்கள், கட்டைவிரல் நகத்தளவு. பாகைமானியில் 180-தான் வரும். சின்ன முக்கோணத்துக்குப் பூசணியும் தட்டைதான். நாம் பார்க்கும் 9300 கோடி ஒளியாண்டும் ஏதோ ஒரு பெரிய பூசணியின் மேல் நகத்தளவாக இருந்தால் நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் குடத்து டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். நான் மறந்துபோய் ஒரு வாரம் விட்டுவிட்டேன், பிசின் பித்தளையில் அப்படியே இறங்கிவிட்டது. பொங்கலுக்குக் குடத்தை எடுத்த அம்மா கழுத்தில் இருந்த கறுப்பு முக்கோணத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பிசின் உருண்டு வந்துவிடும். மிச்சக் கறைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.